20 எச்.பி. படகில் டியூப் இழுப்பது எப்படி?

கனடாவின் ஒன்டாரியோவில் கோடைக்கு ஏரிக்கரைக் காட்டேஜ் எடுத்தால், கரையில் பெரும்பாலும் கட்டிக் கிடப்பது 14 அடி அலுமினியப் படகும் 20 எச்.பி. என்ஜினும்தான். காற்றடைத்த டியூபில் ஆளை உட்காரவைத்துப் படகின் பின்னால் கயிறு கட்டி இழுக்கும் விளையாட்டுக்கு இது போதாது என்று பலர் தொடுவதே இல்லை. முடியும், டியூபில் ஒரே ஒரு பிள்ளை என்றால். இரண்டு பெரியவர்களை ஏற்றிவிட்டு என்ஜினைக் குறை சொல்லக் கூடாது.

1. ஆள்கணக்கு. ஓட்டுபவர் முன்னே பார்க்க, டியூபைக் கவனிக்க இன்னொருவர் படகில் இருந்தே ஆக வேண்டும். கனடாவில் அது சட்டம். கண்ணாடி வைத்துச் சமாளிக்க முடியாது. இழுபடும் பிள்ளைக்கும் படகில் ஓர் இருக்கை வேண்டும். சூரியன் மறைந்து ஒரு மணி நேரம் கழிந்தால் மறுநாள் விடியும்வரை இழுக்கக் கூடாது. எல்லோருக்கும் லைஃப் ஜாக்கெட்.

2. டியூப். ஒருவருக்கான தட்டை வட்டம் போதும். முழங்காலை ஊன்றினால் லேசாக மட்டும் பதியும் அளவுக்குக் காற்றடியுங்கள். வெயிலில் கல்லாக இருந்த டியூப் குளிர்ந்த ஏரியில் இறங்கியதும் தளர்ந்துபோகும். தளர்ந்த டியூப் தண்ணீரைத் தள்ளும். சிறிய என்ஜினுக்கு அதுவே பெரிய சுமை. எனவே தண்ணீரில் போட்டபின் மறுபடி தொட்டுப் பாருங்கள்.

3. கயிறு. டியூபுக்கென்றே விற்கும் 50 முதல் 65 அடிக் கயிறு. ஒருவருக்குக் குறைந்தது 1,500 பவுண்டு தாங்க வேண்டும். படகின் பின்பலகையில் இருபுறமும் உள்ள வளையங்களில் 'ஒய்' வடிவ இணைப்புக் கயிற்றை மாட்டி, நடுவில் டியூப் கயிற்றைக் கோர்க்கவும். என்ஜினில் ஒருபோதும் கட்டாதீர்கள்.

4. பாரம். இந்தப் படகில் வெற்றி தோல்வி இங்கேதான். என்ஜின், ஓட்டுபவர், பெட்ரோல் டாங்க் எல்லாமே பின்னால். கயிறும் அங்கேயே இழுக்கிறது. முன்முனையான மூக்கு வானத்தைப் பார்த்தபடி படகு தண்ணீரை உழுதுகொண்டே போகும். டாங்கை, குழாய் எட்டும்வரை, முன்னே தள்ளுங்கள். கவனிப்பவர் நடு இருக்கையில் பின்பக்கம் பார்த்து உட்காரட்டும். ஐஸ் பெட்டி கரையிலேயே இருக்கட்டும்.

5. கிளம்புதல். ஓட்டுபவர் தவறி விழுந்தால் என்ஜினை நிறுத்தும் கில் ஸ்விட்ச் வாரை அவர் மாட்டிக்கொள்ளட்டும். கரையிலிருந்து 30 மீட்டருக்குள் வேக வரம்பு மணிக்கு 10 கி.மீ.; அதைத் தாண்டி, ஆழமான திறந்த இடத்தில் தொடங்குங்கள். கயிறு விறைக்கும்வரை மெதுவாக ஊர்ந்து, பிள்ளை கட்டைவிரலை உயர்த்தியதும் த்ராட்டிலை (வேகம் கூட்டும் கைப்பிடியை) சீராக முழுவதும் திருகுங்கள். மூக்கு எழும்பும், பிறகு சட்டென்று தாழும், படகு தண்ணீர்மேல் வழுக்கத் தொடங்கும். அந்த நொடியில் த்ராட்டிலைக் கொஞ்சம் குறையுங்கள். மூக்கு தாழவே இல்லையா? பாரம் அதிகம், நிறுத்திக் குறையுங்கள். சின்னப் பிள்ளைக்கு 15 முதல் 20 கி.மீ. வேகமே பறப்பது போலிருக்கும்.

6. திருப்பம். அகலமாகத் திருப்புங்கள். இறுக்கித் திருப்பினால் படகு வேகமிழந்து கயிறு தொய்யும். மறுபடி விறைக்கும்போது வெட்டி இழுத்துப் பிள்ளையைத் தூக்கியெறியும். கரை, மிதவை மேடை, மற்ற படகுகள் பக்கம் டியூப் வீசப்படாமல் இடம் விடுங்கள்.

7. விழுந்தால். கவனிப்பவர் கத்திச் சொல்ல வேண்டும். பிள்ளை கையை உயர்த்தினால் நலம் என்று பொருள். மெதுவாக வட்டமடித்து, பிள்ளை எப்போதும் ஓட்டுபவர் கண்ணில் படும் பக்கமாக வாருங்கள். கிட்ட வந்ததும் என்ஜினை அணைத்துவிடுங்கள். நியூட்ரலில் விடுவது போதாது. பக்கவாட்டில் ஏற்றுங்கள், ப்ரொப்பெல்லர் பக்கம் வேண்டாம். கரைக்குத் திரும்புமுன் கயிறு முழுவதையும் படகுக்குள் சுருட்டிவிடுங்கள்.