“நன்றாக இருந்தது” என்றால் எப்படி?

கச்சேரிக்கு ஒன்பது நாள் இருக்கும்போது படிக்கட்டில் கால் இடறி, கணுக்காலில் கட்டுப் போட்டுக்கொண்டேன். நான்கு மாதம் முன்பே வாங்கி, கெட்டி அட்டைப் புத்தகத்துக்குள் பத்திரப்படுத்திய டிக்கெட். மனமில்லாமல் அக்கா மகளிடம் கொடுத்தேன். ஒரே நிபந்தனை: திரும்பி வந்ததும் எனக்கு முழுவதும் சொல்ல வேண்டும். இரவு பதினொன்றரைக்கு வந்தாள். நான் தலையணையை முதுகுக்குக் கொடுத்துக் காத்திருந்தேன்.

“எப்படி இருந்தது?”

“நன்றாக இருந்தது மாமா.”

“அப்புறம்?”

“ரொம்ப நன்றாக இருந்தது.”

போய்ப் படுத்துவிட்டாள். இரண்டரை மணி நேர இசை அவ்வளவில் முடிந்தது.

அவளை மட்டும் குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை. முப்பது ஆண்டுகளாகக் கச்சேரிக் குறிப்பு எழுதுகிறேன். பழைய நோட்டுகளைப் புரட்டினால் பக்கத்துக்குப் பக்கம் ‘அருமை’, ‘பிரமாதம்’, ‘சொல்ல வார்த்தை இல்லை’. வார்த்தை இல்லை என்று எழுதுவதற்கு எதற்கு ஒரு நோட்டு? அந்தக் கச்சேரிகளில் பாதி இன்று எனக்கு நினைவில்லை, குறிப்பும் உதவவில்லை. பிறகு சில பழக்கங்களைக் கற்றுக்கொண்டேன். கேட்டு வந்ததை அடுத்தவருக்குச் சொல்ல விரும்புகிறவர்களுக்கு, குறிப்பாக அக்கா மகளுக்கு, அவற்றை இங்கே எழுதுகிறேன்.

முதல் வரியில் கருத்து எதுவும் வேண்டாம். தேதி, ஊர், அரங்கம், உட்கார்ந்த இடம், போய்ச் சேர்ந்த நேரம். இவை சலிப்பான விவரங்கள்தான். ஆனால் இவற்றில் ஒன்று பிசகினால் என்ன ஆகும் என்பதற்குப் பெரிய உதாரணமே இருக்கிறது. அமெரிக்கப் பாடகர் பாப் டிலன் 1966 மே 17 அன்று மான்செஸ்டரின் ஃப்ரீ டிரேட் ஹாலில் பாடினார். அந்த ஒலிப்பதிவு லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹால் கச்சேரி என்ற பெயரில்தான் பல ஆண்டுகள் ரசிகர்களிடம் கைமாறிக்கொண்டிருந்தது. 1998இல் அதிகாரபூர்வமாக வெளிவந்தபோதும், ஊருக்கே பழகிப்போன அந்தத் தவறான பெயரை மேற்கோள் குறிக்குள் போட்டு அட்டையில் அச்சிட்டார்கள். போய்ச் சேர்ந்த நேரத்தை எழுதச் சொல்வதற்குக் காரணம் டிலன் இல்லை, நான்தான். ஒருமுறை ‘எடுத்த எடுப்பிலேயே உச்சத்தில் தொடங்கினார்’ என்று எழுதி நான்கைந்து நண்பர்களுக்கு அனுப்பினேன். நான் உள்ளே நுழைந்தபோது நடந்துகொண்டிருந்தது நான்காவது பாட்டு.

அரங்கத்துக்குள் எழுத சட்டைப்பையில் அடங்கும் நோட்டும் பென்சிலும் போதும். பேனாவின் ‘டிக்’ ஓசை அமைதியான இடத்தில் மூன்று வரிசைக்குக் கேட்கும். இருட்டில் வரிமேல் வரி ஏறிவிடாமலிருக்க இடது கைக் கட்டைவிரலை வரி தொடங்கும் இடத்தில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வரிக்கும் ஒரு விரல் அகலம் கீழே இறக்குங்கள். எழுத்து பெரிதாக இருக்கட்டும். ஒரு பாட்டுக்கு நான்கு சொல்லுக்கு மேல் வேண்டாம். தலை குனிந்தே இருந்தால் அப்புறம் எதற்குக் கச்சேரி? பெயர் தெரியாத பாட்டு வந்தால் காதில் விழுந்த ஒரு வரியை விழுந்தபடியே எழுதிக்கொண்டு, வீட்டுக்கு வந்து தேடுங்கள். கைபேசியை எடுத்து அங்கேயே தேடினால் பின்வரிசைக்காரருக்கு மேடைக்குப் பதில் உங்கள் திரைதான் தெரியும்.

வீட்டுக்கு வந்த அன்றே எழுதிவிட வேண்டும். அதைவிட முக்கியமானது, மற்றவர்களோடு பேசுவதற்கு முன்பே எழுதுவது. சில ஆண்டுகளுக்கு முன் நண்பர்களோடு ஒரே காரில் திரும்பினேன். ஒருவர் வயலின்காரரைப் பற்றிப் பேச்செடுத்தார்: தனியாக வாசித்தது இழுவை, பாதியில் தூக்கம் வந்துவிட்டது என்றார். மற்றவர்களும் ஆமாம் போட்டார்கள். வீடு வந்து சேர்வதற்குள் எனக்கும் தூக்கம் வந்ததாகவே நம்பிவிட்டேன். எழுத உட்கார்ந்து நோட்டைத் திறந்தால், இருட்டில் கோணலாக நான் கிறுக்கியது: ‘வயலின் — முடிந்துவிடக் கூடாது.’ அந்தப் பென்சில் வரி மட்டும் இல்லாதிருந்தால், நான் அனுபவித்த ஒன்றை நானே மறுத்து எழுதியிருப்பேன். காரில் வந்தால் வாயை மூடிக்கொண்டு வருவது என்று அன்றிலிருந்து வைத்துக்கொண்டிருக்கிறேன். நண்பர்கள் என்னை உம்மணாமூஞ்சி என்கிறார்கள். பரவாயில்லை.

இனி வருவதுதான் நான் அதிகம் அடிபட்டுக் கற்றது: நீங்கள் கேட்டது கச்சேரியை அல்ல, உங்கள் நாற்காலியில் இருந்து கேட்ட கச்சேரியை.

ஒரு பாடகியைப் பற்றி, ‘குரல் எடுபடவில்லை, சொற்கள் தெளிவில்லை’ என்று கறாராக எழுதினேன். மேடைக்கு நேரே நடுவில் உட்கார்ந்திருந்த நண்பர் ஒருவர், ஒவ்வொரு சொல்லும் தனக்குத் தெளிவாகக் கேட்டதாகச் சொன்னார். ஒருவர் காதில் கோளாறு என்றுதான் இருவரும் நினைத்தோம். உண்மையில் நான் மாடி இருக்கைகளுக்கு அடியில், கடைசி வரிசையில் இருந்தேன். உயரத்தில் தொங்கும் ஒலிபெருக்கிகளில் இருந்து நேராக வரவேண்டிய ஒலியை அந்த மாடி மறைத்துவிடும். முதலில் அடிபடுவது உயர் அதிர்வெண்கள். மெய்யெழுத்துகளின் கூர்மை பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. அது போனால் பாட்டு கேட்கும், சொல் கேட்காது. பாடகியின் மேல் நான் போட்ட பழி ஒரு கான்கிரீட் தளத்தின் மேல் போட்டிருக்க வேண்டியது.

திறந்த திடல் என்றால் வேறு கணக்கு. ஒலி ஒரு நொடியில் சுமார் 340 மீட்டர்தான் போகும். மேடையில் இருந்து 100 மீட்டர் தள்ளி நின்றால் டிரம்ஸ் அடி உங்களை வந்தடைய ஏறக்குறைய 0.3 நொடி ஆகும். கண்ணுக்குக் குச்சி மேலே போய்விட்டது, காதுக்கு இப்போதுதான் அடி விழுகிறது. இதைப் பார்த்துத் ‘தாளம் நிற்கவில்லை’ என்று எழுதியவர்களை எனக்குத் தெரியும். (அவர்களில் ஒருவர் நான் இல்லை என்று சொல்லிக்கொள்வதில் ஒரு சின்னப் பெருமை.) பெரிய திடல்களில் நடுநடுவே ஒலிபெருக்கிக் கோபுரங்களை நிறுத்தி, அவற்றின் ஒலியை வேண்டுமென்றே சிறிது தாமதித்து அனுப்புவார்கள். மேடையில் இருந்து வரும் ஒலியும் கோபுரத்தில் இருந்து வரும் ஒலியும் காதில் ஒன்றுசேர வேண்டும் என்பதற்காக.

பேஸ் என்கிற கனத்த அடிநாத ஒலி இன்னும் வேடிக்கையானது. மேடையின் இரு பக்கமும் அதற்கான பெட்டிகள் இருந்தால், நடுக்கோட்டில் நிற்பவருக்கு நெஞ்சு அதிரும். பக்கவாட்டில் கொஞ்சம் நகர்ந்தால், இரண்டு பக்கத்து அலைகளும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு சில இடங்களில் அந்த ஒலியே வற்றிவிடும். நின்று கேட்கும் கச்சேரியாக இருந்தால் ஒரு பாட்டுக்காவது இடம் மாறி நின்று பாருங்கள். ஒலியைக் கலப்பவர் மேசை போட்டு உட்கார்ந்திருக்கிறாரே, அவருக்கு அருகே நிற்பது நல்லது. அவர் தன் காதுக்குச் சரியாக இருக்கும்படிதான் கலக்கிறார். அந்தச் சமநிலை அங்கே உங்களுக்கும் கிடைக்கும்.

காதும் களைக்கும். உலக சுகாதார நிறுவனம் 2022இல் இசை அரங்குகளுக்கு வகுத்த நெறிமுறையில், 15 நிமிடச் சராசரி 100 டெசிபலைத் தாண்டக் கூடாது என்றது. அந்த அளவுக்குச் சத்தமான இடத்தில் ஒரு மணி நேரம் நின்றால் காது மந்தமாகிவிடலாம்; பஞ்சு வைத்து அடைத்தாற்போல் இருக்கும். அதன்பின் வரும் பாட்டுகளில் ‘பளபளப்புக் குறைந்தது’ என்று எழுதினால், குறைந்தது எங்கே என்று யோசிக்க வேண்டும். காதடைப்பான் வைத்துக்கொண்டு போங்கள். வைத்திருந்தீர்கள் என்பதையும் எழுதுங்கள்.

கைபேசியில் எடுத்த காட்சியை மறுநாள் போட்டுப் பார்த்து அபிப்பிராயத்தைத் திருத்தாதீர்கள். சத்தம் கூடினால் கைபேசி அதுவாகவே அடக்கும், குறைந்தால் அதுவாகவே கூட்டும். பாடகர் மெல்லப் பாடியதும் உரக்கப் பாடியதும் ஒரே உயரத்துக்கு வந்துவிடும். வரிசையில் எந்தப் பாட்டு எதற்குப் பின் வந்தது என்று சரிபார்க்க மட்டும் அது உதவும்.

சரி, எழுத உட்கார்ந்தாயிற்று. ‘மெய்சிலிர்த்தது’ என்ற சொல் கைக்கு வரும். வரட்டும். எந்த இடத்தில் என்று சொல்லாமல் மட்டும் விடாதீர்கள். ‘மூன்றாவது பாட்டில் மெய்சிலிர்த்தது’ என்பது உங்களுக்குத்தான் செய்தி. இதையே இப்படி எழுதலாம்: ‘இரண்டாம் சரணத்தில் டிரம்ஸ் நின்றது. கித்தார் மட்டும். கடைசி வரியைப் பாடகர் பாதியில் விட்டார். அதை எடுத்துப் பாடக் காத்திருந்த கூட்டமும் பாடவில்லை. நாலைந்து நொடி அப்படியே.’ இங்கே மெய்சிலிர்ப்பு என்ற சொல்லே இல்லை. தேவையும் இல்லை.

கண்டதையும் ஊகித்ததையும் பிரித்து எழுதுங்கள். ‘பாடகருக்குக் கோபம்’ என்பது ஊகம். ‘இரண்டு முறை கையை மேலே காட்டி மானிட்டர் (பாடுபவர் தன் குரலைக் கேட்க மேடையில் வைக்கும் ஒலிபெருக்கி) ஒலியைக் கூட்டச் சொன்னார், மூன்றாவது முறை காட்டவில்லை’ என்பது கண்டது. இவ்வளவு கவனம் எதற்கு என்றால், ஒரே அரங்கில் இருந்தவர்களே மாற்றிச் சொல்வார்கள். 1824 மே 7 அன்று வியன்னாவில் பீத்தோவனின் ஒன்பதாவது சிம்பொனி முதன்முறையாக அரங்கேறியது. காது கேளாத அவர் கைதட்டலை அறியாமல் நிற்க, பாடகி கரோலின் உங்கர் அவரைக் கூட்டத்தின் பக்கம் திருப்பினார் என்பது புகழ்பெற்ற காட்சி. அது இரண்டாம் பகுதி முடிந்ததுமா, கச்சேரியின் கடைசியிலா? இரண்டு விதமாகவும் சொல்கிறார்கள். அன்றிரவே ஒருவர் நான்கு சொல் கிறுக்கி வைத்திருந்தால் போதும்.

தெரியாததைத் தெரியாது என்று எழுத வெட்கப்பட வேண்டாம். 1971 ஆகஸ்ட் 1, நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டன், வங்கதேச அகதிகளுக்கான நிதிக் கச்சேரி. சிதார் கலைஞர் ரவிசங்கரும் சரோத் கலைஞர் அலி அக்பர் கானும் கருவிகளைச் சுருதி சேர்த்து முடித்ததும் கூட்டம் கைதட்டியது. சுருதி சேர்த்ததே இவ்வளவு பிடித்திருந்தால் வாசிப்பு இன்னும் பிடிக்கும் என்று நம்புவதாக ரவிசங்கர் சொன்னார். எனக்கு அந்தக் கூட்டத்தைப் பார்த்துச் சிரிப்பு வருவதில்லை. அவர்கள் காது திறந்திருந்தது. ‘தொடக்கத்தில் தந்திகளை மட்டும் மீட்டினார்கள், அது என்ன என்று தெரியவில்லை, ஆனால் அதற்கே கட்டுண்டு உட்கார்ந்திருந்தேன்’ என்று யாராவது எழுதியிருந்தால் அதை நான் விரும்பிப் படிப்பேன். அரைகுறைக் கலைச்சொற்களை அள்ளித் தெளித்த விமர்சனத்தை அப்படிப் படிக்க முடியாது.

குறை சொல்வதற்கு முன் அது யாருடைய குறை என்று பாருங்கள். மேடையினுடையதா, அரங்கத்தினுடையதா, பசியோடும் தலைவலியோடும் போன உங்களுடையதா? இசைத்தட்டில் உள்ளதுபோல் இல்லை என்பது குறையே அல்ல. தட்டில் இருப்பது பல முறை பாடியதில் தேறியதைச் சேர்த்து ஒட்டியதாக இருக்கலாம். மேடையில் ஒரே ஒரு வாய்ப்பு. வயதான பாடகர் சுருதியைக் கொஞ்சம் இறக்கிப் பாடினால், இறக்கினார் என்று எழுதுங்கள், அதனால் பாட்டு என்னவாக ஆனது என்றும் எழுதுங்கள். சில பாட்டுகள் கீழே வந்தபிறகுதான் அவற்றின் துயரமே தெரிகிறது.

சின்ன விஷயம் ஒன்று: அதே குழு அடுத்தடுத்த ஊர்களுக்குப் போகிறதென்றால், கடைசியில் நடக்கும் ஆச்சரியத்தை முதல் வரியில் போட்டு உடைக்காதீர்கள்.

என் டிக்கெட்டில் நடந்த கச்சேரிக்கு வருகிறேன். மூன்று நாள் கழித்துத் துணி மடித்துக்கொண்டிருந்த அக்கா மகள், பேச்சுவாக்கில், “நடுவில் மைக் வேறு அணைந்துபோனது மாமா” என்றாள். பிடித்துக்கொண்டேன். எப்போது? ஐந்தாவது பாட்டில். பாடகர் என்ன செய்தார்? மேடை விளிம்புக்கு வந்து மைக் இல்லாமலே பாடினார். கேட்டதா? முதலில் கேட்கவில்லை, எல்லோரும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள், பிறகு முன்வரிசையில் இருந்து கைதட்டல் நின்றுகொண்டே பின்னால் வந்தது, அப்புறம் கேட்டது. “நீ இருந்த இடத்துக்குமா?” “ஆமாம், மூச்சு இழுப்பதுகூட.” இதை ஏன் அன்றே சொல்லவில்லை என்றேன். “அது கோளாறுதானே மாமா, அதை எப்படிச் சொல்வது?” என்றாள்.

போன வாரம் வேறொரு கச்சேரிக்குப் போனாள். கணுக்கால் சரியாகிவிட்டது, ஆனாலும் டிக்கெட் அவளே வாங்கியது. இரவு பன்னிரண்டு மணிக்கு நீளமாக ஒரு செய்தி வந்தது. தேதி, பாட்டு வரிசை, யார் எங்கே நின்றார்கள், எந்தப் பாட்டில் கித்தார்த் தந்தி அறுந்தது, எல்லாம் இருந்தது. நான் இருபது ஆண்டுகளாகக் கொண்டாடும் பாடகருக்கு மேல் ஸ்தாயி எட்டவில்லை என்றும் எழுதியிருந்தாள். எந்த வரிசையில் உட்கார்ந்தாய் என்று கேட்டு உடனே பதில் அனுப்பினேன். இன்னும் சொல்லவில்லை.