தாரியஸ் பெயரை ஆப்பெழுத்தில் தட்டச்சு செய்வது எப்படி?

மேற்கு ஈரானில் கெர்மான்ஷா பக்கம் இருக்கிறது பெஹிஸ்துன் மலை. அதன் பாறையில் பாரசீக மன்னன் முதலாம் தாரியஸ் தன் வெற்றிகளை மூன்று மொழிகளில் வெட்டி வைத்தான். அவற்றில் ஒன்று பழம் பாரசீகம். ஆப்பு வடிவக் கோடுகளால் ஆன, சுமார் 2,500 ஆண்டு பழைய அந்த ஆப்பெழுத்துக்கு, கணினியில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் தரும் பொதுத் தரமான யூனிகோடின் 2005இல் வந்த 4.1 பதிப்பு இடம் கொடுத்தது. 36 எழுத்துகள், முழுச் சொல்லைக் குறிக்கும் 8 குறிகள், ஒரு சொல் பிரிப்புக் குறி, 5 எண் குறிகள், ஆக மொத்தம் 50.

படி 1: எழுத்துரு

'நோட்டோ சான்ஸ் ஓல்டு பெர்சியன்' இலவசமாகக் கிடைக்கிறது. இறக்கி நிறுவிக்கொள்ளுங்கள்.

படி 2: எழுத்துக்கூட்டல்

அவசரப்படாமல் செய்ய வேண்டியது இதுதான். இந்த எழுத்துமுறை நமக்கு அவ்வளவு அந்நியமில்லை. நம் 'க' போலவே மெய்யோடு அகரம் சேர்ந்தே வரும். ஆனால் புள்ளி கிடையாது. தாரியஸின் பெயரை அவன் மொழியில் 'தாரயவௌஷ்' என்பார்கள். கல்லில் இருப்பதோ த, அ, ர, ய, வ, உ, ஷ என்ற ஏழு எழுத்துகள். த-வும் அ-வும் சேர்ந்து 'தா', வ-வும் உ-வும் சேர்ந்து 'வௌ'. கடைசி ஷ-வை 'ஷ்' என்று வாசிக்க வேண்டும். காதில் விழுவதை வைத்து எழுத்தைக் கூட்டாதீர்கள், கல்லில் இருப்பதை அப்படியே எடுங்கள்.

படி 3: எண்கள்

ஒவ்வொரு எழுத்துக்கும் யூனிகோடில் ஓர் எண் உண்டு. நோட்பேடில் இந்த வரியை அடியுங்கள்:

𐎭𐎠𐎼𐎹𐎺𐎢𐏁

அடுத்த சொல் வந்தால் இடைவெளி விடாமல், மேலே உள்ள அதே வடிவில் 66512 போடுங்கள். அதுதான் சொல் பிரிப்புக் குறி. 'மன்னன்' என்ற சொல்லுக்கு 66507 என்ற ஒரே குறி போதும்.

இன்றைய பாரசீகம் வலமிருந்து இடமாகப் போவதால் பலர் இதற்கும் திசையை மாற்றிவிடுகிறார்கள். வேண்டாம். ஆப்பெழுத்து தமிழைப் போல இடமிருந்து வலம்தான்.

படி 4: சேமித்துப் பார்த்தல்

யூனிகோட் எழுத்துகளைச் சேமிக்கும் முறையான யூடிஎஃப்-8 தேர்ந்தெடுத்து, எச்டிஎம்எல் (வலைப்பக்கக்) கோப்பாகச் சேமித்து, பிரௌசரில் திறவுங்கள். ஏழு எழுத்தும் வரிசையாகத் தெரிய வேண்டும். வெறும் கட்டங்கள் தெரிந்தால் எழுத்துரு இல்லை என்று அர்த்தம், எண்கள் சரியாகவே இருக்கும்.

பிரௌசரில் வந்த எழுத்துகளை நகலெடுத்து எங்காவது சேமித்து, அவை கேள்விக்குறிகளாக மாறினால் விஷயம் வேறு. யூடிஎஃப்-8இல் தமிழ் எழுத்துக் குறி ஒவ்வொன்றும் 3 பைட், ஆப்பெழுத்து 4 பைட். 3 பைட்டுக்கு மேல் ஏற்காத தரவுத்தள அமைப்புகள் இன்னும் புழக்கத்தில் உள்ளன. தமிழ் அதில் ஒழுங்காக நிற்கும், ஆப்பெழுத்து மட்டும் அழிந்துபோகும். அப்படி அழிந்ததை எந்த எழுத்துருவாலும் மீட்க முடியாது. அதனால் நிறையத் தட்டச்சு செய்யும் முன் ஒரே ஒரு எழுத்தைச் சேமித்து, திரும்ப எடுத்துப் பாருங்கள்.

சரி, இப்போது நீங்களே ஒரு பெயர் எழுதிப் பாருங்கள். பாரசீக மன்னன் சைரஸ், அவர்கள் மொழியில் 'கூருஷ்'. கு, உ, ரு, உ, ஷ என்று ஐந்து எழுத்து. கு, ரு இரண்டுக்கும் தனி வடிவம் இருந்தும் பின்னால் உ-வையும் சேர்த்தே எழுதினார்கள். கு 66468, ரு 66493. மற்றவை மேலே இருக்கின்றன.