காது கேட்கும் திறனையும் தலைச்சுற்றலையும் சோதிக்கப் போகும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சத்தம் புகாத அறை, சரியாக அளவு திருத்திய கருவி, அனுபவமுள்ள ஆடியாலஜிஸ்ட் (கேட்கும் திறனைச் சோதிக்கும் நிபுணர்) என எல்லாம் இருந்தும் அறிக்கை தப்பாக வரலாம். பல சமயம் கோளாறு அறைக்கு வெளியிலேயே தொடங்கிவிடுகிறது.

முதலாவது, சத்தம். முந்தைய இரவு பெரிய ஸ்பீக்கர் அருகே நின்றிருந்தாலோ, காலையில் இயந்திரம் ஓடும் இடத்திலிருந்து நேரே வந்தாலோ காது தற்காலிகமாக மந்தப்பட்டிருக்கும். அந்த மந்தமும் நிரந்தரக் குறைபோல, கேட்கும் அளவைக் காட்டும் வரைபடமான ஆடியோகிராமில் பதிவாகிவிடும். பரிசோதனைக்கு முன் குறைந்தது 16 மணி நேரமாவது உரத்த சத்தத்திலிருந்து விலகியிருங்கள். ஹெட்போனும் இதில் அடக்கம்.

அடுத்தது குறும்பி. பட்ஸ் போட்டுக் குடைந்தால் அது வெளியே வருவதைவிட உள்ளே தள்ளப்படுவதுதான் அதிகம். காது அடைத்திருந்தால் அளவு தவறும், செவிப்பறை அசைவைப் பார்க்கும் டிம்பனோமெட்ரியும் சரியாக வராது. சில நாள் முன்பே மருத்துவரிடம் காட்டி எடுத்துவிட்டு வாருங்கள். செவிப்பறையில் ஓட்டை இருந்தால் எண்ணெயோ சொட்டு மருந்தோ நீங்களாக விடக்கூடாது.

அறைக்குள் பலரும் செய்யும் தவறு, ஒலி தெளிவாகக் கேட்கும்வரை காத்திருந்து பொத்தானை அழுத்துவது. தேடுவது தெளிவான ஒலியை அல்ல. கேட்டதா இல்லையா என்று தோன்றும் அந்த விளிம்பைத்தான். கேட்டதும் ஒலியை 10 டெசிபெல் குறைப்பார்கள், கேட்காவிட்டால் 5 டெசிபெல் கூட்டுவார்கள். நீங்கள் தயங்கினால் உள்ளதைவிட மோசமான எண் பதிவாகும். வேண்டுமென்றே கேட்காததுபோல் நடிப்பதும் பலிக்காது. சொற்களை வைத்துச் செய்யும் சோதனையின் முடிவு இதோடு ஒத்துப்போகாமல் காட்டிக்கொடுத்துவிடும்.

குழந்தை கதவுச் சத்தத்துக்குத் திரும்பிவிட்டால் காது நன்றாக இருக்கிறது என்று நம்பிவிடுகிறார்கள். மிதமான குறையோ ஒரு காதுக் குறையோ உள்ள குழந்தையும் திரும்பும். பிறந்த 1 மாதத்துக்குள் முதல்கட்டச் சோதனை, 3 மாதத்துக்குள் உறுதி செய்தல், 6 மாதத்துக்குள் சிகிச்சை என்பதே பின்பற்ற வேண்டிய கணக்கு. ஒலிக்குக் கேள்வி நரம்பும் மூளைத் தண்டும் காட்டும் மின் அலைகளை அளக்கும் பெரா (BERA) பரிசோதனைக்குக் குழந்தை தூங்க வேண்டும். எனவே வழியில் தூங்கவிடாமல் கூட்டிவந்து, பரிசோதனை நடக்கும் இடத்தில் பால் கொடுத்துத் தூங்க வையுங்கள். மயக்க மருந்து கொடுப்பதாக இருந்தால் இது பொருந்தாது. எத்தனை மணி நேரம் வெறும் வயிறு என்பதை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றிலும் மோசமானது தாமதம். காலையில் எழுந்தபோது ஒரு காது சட்டென்று அடைத்ததுபோல் இருந்தால் 'சளியாக இருக்கும்' என்று ஒரு மாதம் ஓட்டாதீர்கள். உள்காதோ கேள்வி நரம்போ பாதிக்கப்பட்டு 3 நாளுக்குள் திடீரென விழும் நரம்புவழிக் குறைக்கு ஸ்டீராய்டு சிகிச்சையை எவ்வளவு சீக்கிரம், முடிந்தால் 2 வாரத்துக்குள், தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. அன்றே காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள்.

தலைச்சுற்றல் பரிசோதனைக்குத் தயாரிப்பு இன்னும் கறார். இதில் கேமரா வைத்து அளப்பது கண் அசைவைத்தான். தலைச்சுற்றலை அடக்கும் மாத்திரைகளும் தூக்க மாத்திரைகளும் அதை மழுக்கிவிடும். அதனால் சுமார் 48 மணி நேரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். எதை நிறுத்துவது என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். இரத்த அழுத்தம், வலிப்பு, இதயம், சர்க்கரை ஆகியவற்றுக்கான மாத்திரைகளை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். கண் மை வேண்டாம்: கேமரா கருவிழியின் கறுப்பைப் பின்தொடர்கிறது, மையையும் கருவிழி என்று எடுத்துக்கொள்ளும். காதில் 30, 44 டிகிரி செல்சியஸில் நீர் விடும்போது ஓரிரு நிமிடம் தலை சுற்றுவது இயல்பு, அதுதான் சோதனையே. அப்போது பெயர்களை வரிசையாகச் சொல்லச் சொன்னால் விளையாட்டு என்று நினைக்காதீர்கள். மனம் விழிப்பாக இல்லாவிட்டால் கண் அசைவு அடங்கிவிடும். வயிறு நிறையச் சாப்பிட்டு வராதீர்கள். திரும்பும்போது வண்டி ஓட்டுவது உங்கள் வேலையாக இருக்கக்கூடாது.

படுக்கையில் புரளும்போது 1 நிமிடத்துக்கும் குறைவாகச் சுற்றினால், உள்காதின் சுண்ணாம்புத் துகள்கள் இடம் மாறியிருக்கலாம். மாத்திரை அந்தத் துகளை நகர்த்தாது. மாதக்கணக்கில் விழுங்கினால் மூளை சமநிலைக்குப் பழகுவதும் தாமதமாகும். எப்லி முறையில் தலையைத் திருப்பித் துகளைத் திரும்பக் கொண்டுபோய்ச் சேர்க்கிறார்கள். வீடியோ பார்த்து வீட்டில் செய்பவர்கள் சறுக்குவது இரண்டு இடத்தில்: எந்தப் பக்கக் காது என்று தெரியாமல் தொடங்குவது, ஒவ்வொரு நிலையிலும் 30 நொடிகூட நிற்காமல் எழுந்துவிடுவது. கழுத்து எலும்பில் பிரச்சினை உள்ளவர்கள் வீட்டில் செய்யவே கூடாது. பேச்சுக் குழறல், முகக் கோணல், இரட்டையாகத் தெரிதல், நடக்கவே முடியாமை ஆகியவற்றில் ஒன்று தலைச்சுற்றலோடு வந்தாலும் நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.

காதுக் கருவி வாங்கியவர்களில் பலர் விசேஷத்துக்கு மட்டும் மாட்டுகிறார்கள். மூளை பழக வாரக்கணக்கில் தினசரி உபயோகம் வேண்டும்; கூட்டத்தில் தொடங்காமல் அமைதியான வீட்டில் தொடங்குங்கள். காதுக் கருவிக்குப் போடும், காற்றுப் பட்டதும் வேலை செய்யும் துத்தநாகக் காற்று பேட்டரியின் ஒட்டுத்தாளை உரித்ததும் உடனே பொருத்தாமல் ஓரிரு நிமிடம் காற்றில் வைத்தால் முழு மின்னழுத்தம் எழும். உரித்த தாளைத் திரும்ப ஒட்டினாலும் தேய்வது நிற்காது. 'சரியில்லை' என்று மட்டும் சொன்னால் திருத்த வழியில்லை. 'தட்டு வைக்கும் சத்தம் குத்துகிறது', 'இருவர் சேர்ந்து பேசினால் புரியவில்லை' என்று எழுதிக்கொண்டு, கருவியையும் கையோடு எடுத்து வாருங்கள்.