ஓர் இலக்கியம் தேச அடையாளமாவதைத் தடம்பிடிப்பது எப்படி?

‘தேசியக் காப்பியம்’ என்று ஒரு நூலைச் சொன்னால் போதாது; எப்போது, யாரால் அப்படி ஆனது என்று பார்க்க வேண்டும். முதலில் மூன்று ஆண்டுகளைக் குறித்துக்கொள்ளுங்கள்: நூல் வெளியானது, அந்த மொழிக்கு அலுவல் தகுதி தரும் அரசு ஆணை கிடைத்தது, நாடு விடுதலை பெற்றது. பின்லாந்துக்கு (நூல் ‘கலேவலா’, மொழி பின்னிஷ்) இவை 1835, 1863, 1917. நூல் முந்தி, நாடு பிந்தி!

அடுத்து பதிப்புகளை ஒப்பிடுங்கள். வேலையின் சாரமே இங்கேதான். எலியாஸ் லோன்ரோட் வாய்மொழிப் பாடல்களிலிருந்து தொகுத்த ‘கலேவலா’வின் முதல் பதிப்பில் 32 பாடல்கள், சுமார் 12,000 அடிகள், 1849 பதிப்பில் 50 பாடல்கள், 22,795 அடிகள். பாடல்கள் பெரும்பாலும் பின்லாந்து–ரஷ்ய எல்லைப் பகுதியான கரேலியாவில் கிடைத்தவை. அவற்றை ஒரே கதையாகக் கோத்தது தொகுப்பாளரின் கை. இதைக் கவனிக்காமல் ‘மக்களின் ஆதிக்குரல்’ என்று எழுதிவிடுவதுதான் வழக்கமான பிழை.

பிறகு பழைய பள்ளிப் பாடநூல்களைப் புரட்டுங்கள். எந்தப் பகுதி சேர்ந்தது, எது விடுபட்டது? முழுக் காப்பியத்தையும் படிப்பவர்கள் எங்குமே சிலர்தான் (பாராட்டுபவர்கள் அதிகம்). பாடநூல்தான் வீட்டுக்கு வீடு போகும்.

அடையாளத்துக்கு வெளியே நின்ற மொழிகளையும் தேடுங்கள். பின்லாந்தில் சுவீடிஷும் தேசிய மொழி. வடக்கே சாமி (Sámi) என்ற பழங்குடியினரின் மொழிகளும் உண்டு.