வால் முளைத்த இலைக்கொடியை ஒழித்துக்கட்டுவது எப்படி

எடுத்ததும் கொடியைப் பிடித்து இழுத்துவிடாதீர்கள், குனிந்து அதன் அடியில் தரையைப் பாருங்கள். இது தெரியாமல் எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே இருக்கிற சமூகத் தோட்டத்தில் ஒன்றரை வருடம் வீணாகப் போராடினேன்.

நாங்கள் இருப்பது சிங்கப்பூரில், புக்கிட் பாத்தோக் பக்கம். தோட்டத்து வேலிக்கு அந்தப்புறம் காடு, அங்கிருந்துதான் இது எட்டிப் பார்த்தது. இதை சான்சிபார் யாம் என்கிறார்கள். நம் வள்ளிக்கிழங்குக்குப் பங்காளிதான். சொந்த ஊர் ஆப்பிரிக்காவின் வெப்பப் பகுதிகளும் மடகாஸ்கரும். இங்கே காட்டோரங்களில், பழைய ரயில் பாதை போன இடங்களில் மரங்களுக்கு மேல் பச்சைப் போர்வை விரித்தது மாதிரி ஏதாவது தெரிந்தால், அருகில் போய்ப் பாருங்கள், பல இடங்களில் இதுவாக இருக்கும். வெளியூரிலிருந்து வந்ததை நான் குறை சொல்லவில்லை, என் தாத்தாவே நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி வந்தவர்தான். வந்த இடத்தில் அடுத்தவன் தலைமேல் ஏறி உட்காருவதுதான் பிரச்சினை.

கொடி மரத்தின் சாற்றை உறிஞ்சிக் கொல்கிறது என்று தோட்டத்தில் பலர் நினைக்கிறார்கள். புல்லுருவிதான் அப்படிச் செய்யும், இது செய்யாது. மரம் அடிமரத்தையும் கிளையையும் வளர்க்க எத்தனையோ வருடம் செலவழிக்கிறது, இந்தக் கொடி அந்தச் செலவே இல்லாமல் மரத்தைச் சுற்றிக்கொண்டு உச்சிக்குப் போய், சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு இலையை விரித்து வெயிலை மறைத்துவிடும், அவ்வளவுதான். கீழே இருக்கிற இலைகளுக்கு வெளிச்சம் இல்லை, மேலே பாரம் ஏறிக்கொண்டே போகிறது, மழை பெய்தால் பாரம் இன்னும் கூடும். இளமரம் என்றால் வளைந்தே போய்விடும்.

சரி, எப்படி அடையாளம் காண்பது? இலை நுனியைப் பாருங்கள். இதய வடிவ இலை, பெரிதாக ஆக ஓரங்கள் கோணிக்கொண்டு வௌவால் சிறகு மாதிரி ஆகும், நரம்புகள் காம்பில் ஒரே இடத்திலிருந்து கிளம்பி வளைந்து நுனியை நோக்கி ஓடும். நுனியில் எலி வால் போல நீளமாக, கொஞ்சம் தடிப்பாக ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். அந்த வாலுக்குள் நுண்ணிய அறைகள், அவை நிறைய பாக்டீரியா. ஓரெல்லா என்கிற அந்த பாக்டீரியா இந்தக் கொடியோடு குடும்பம் நடத்துகிறது, தாய்க்கொடியிலிருந்து குட்டிக்கும் கூடவே போகிறது. சீதனம் மாதிரி.

அடுத்து, இலைக்காம்பு தண்டோடு சேரும் கக்கத்தைப் பாருங்கள். அங்கே வழவழவென்று, ஊதா கலந்த பழுப்பில், கோலிக்குண்டிலிருந்து எலுமிச்சை அளவு வரை சின்னக் கிழங்குகள் தொங்கும். எல்லாத் தொல்லைக்கும் காரணம் அதுதான். இந்தக் கொடி விதையை நம்பி இல்லை, இந்தக் கக்கக் கிழங்குகளைக் கீழே உதிர்த்தே பரவுகிறது. விழுந்தது ஒவ்வொன்றும் ஒரு புதுக் கொடி. சரிவில் உருளும், கால்வாயில் விழுந்தால் மழைத் தண்ணீரோடு போய் வேறெங்கோ முளைக்கும்.

நம் ஆட்கள் ஏமாறுவது இங்கேதான். என் அத்தை தஞ்சாவூர்ப் பக்கம், போன வருடம் வந்திருந்தபோது தோட்டத்தில் இதைப் பார்த்துவிட்டு "காய்வள்ளி மாப்பிள்ளை, வேகவைத்து வறுத்தால் அருமையாக இருக்கும்" என்று முந்தானையில் நாலைந்து கட்டிக்கொண்டார். வாங்கிப் போடுவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. இது விஷம், சாப்பிடக் கூடாது. காய்வள்ளியின் காய் பெரும்பாலும் சொரசொரப்பாக இருக்கும், அதன் இலைக்கு இந்த நீள வால் கிடையாது. பெருவள்ளி என்றால் தண்டில் நாலு பட்டையாக இறக்கை ஓடும், தடவினாலே தெரியும். சந்தேகமாக இருந்தால் தேக்கா மார்க்கெட்டில் சேனையோ கருணையோ வாங்கிக்கொள்ளுங்கள், கொடியில் தொங்குவதைச் சமைத்துப் பரிசோதிக்க வேண்டாம்.

வேலையில் இறங்குவதற்கு முன்னால் அது யார் இடம் என்று பாருங்கள். உங்கள் வீட்டு வேலி, உங்கள் தோட்டப் பாத்தி என்றால் தாராளமாகச் செய்யலாம். வேலிக்கு அந்தப்புறம் போய் நல்ல எண்ணத்தோடு வெட்டினாலும் சிக்கல்தான், இயற்கைவனப் பகுதிகளிலும் பூங்காக்களிலும் அனுமதியில்லாமல் செடியில் கை வைப்பது சட்டப்படி குற்றம். அங்கே இருப்பதை ஒன்சர்விஸ் செயலியில் படத்தோடு தெரிவிக்கலாம். கை அரித்தே தீரும் என்றால், தேசியப் பூங்காக் கழகத்தின் தொண்டூழியர்களோடு சேர்ந்துகொள்ளுங்கள், களைக்கொடி அகற்றுவதும் அவர்கள் செய்கிற வேலைகளில் ஒன்று.

மழை பெய்து ஓய்ந்த மறுநாள் காலை நல்ல நேரம், மண் இளகியிருக்கும். முழுக்கைச் சட்டை, கையுறை, மூடிய காலணி. கொடிக்குள் கையை விடுவதற்கு முன்னால் ஒரு குச்சியால் தட்டிப் பாருங்கள், முசுறு எறும்பு கூடு கட்டியிருந்தால் அன்றைக்கு முழுக்க நீங்கள் ஆடுகிற ஆட்டத்தை புளோக்கே மாடியிலிருந்து வேடிக்கை பார்க்கும்.

முதலில் கிழங்கு அறுவடை. பக்கத்துப் பாத்திக்காரர் பாக்சிக் (மலாய்க்காரப் பெரியவர்) சொல்லிக்கொடுத்த வழி இது. பழைய குடையை விரித்துத் தலைகீழாகக் கொடிக்கு அடியில் பிடித்துக்கொண்டு, ஒரு கையால் தண்டை மெதுவாக உருவினால் பழுத்த கிழங்குகள் பொலபொலவென்று குடைக்குள் விழும். எட்டாத உயரத்தில் இருப்பவற்றுக்குக் கீழே படுதா விரித்து வையுங்கள். இதைச் செய்யாமல் கொடியை இழுத்தால் அத்தனையும் தரையில் கொட்டும், ஒரு கொடியை எடுக்கப் போய் நீங்களே ஐம்பது கொடிக்கு நாற்று நட்ட மாதிரி. ஒன்றரை வருடம் நான் செய்ததும் அதுதான்.

அப்புறம் தண்டை இடுப்பு உயரத்தில் வெட்டுங்கள். மேலே மரத்தில் இருப்பதை இழுக்க வேண்டாம், கிளை முறியும். அது தானாகக் காயட்டும், படுதா மட்டும் அங்கேயே இருக்கட்டும், காயக் காய மிச்சக் கிழங்கு உதிரும். கீழ்ப்பாதித் தண்டைப் பிடித்துக்கொண்டே போனால் மண்ணுக்குள் இறங்கும் இடம் தெரியும். அங்கிருந்து ஒரு சாண் தள்ளி சங்குளை (மண்வெட்டியை)ப் போட்டுச் சுற்றித் தோண்டி, தாய்க்கிழங்கை முழுசாக எடுங்கள். துண்டு நின்றுவிட்டால் மறுபடி தளிர்க்கும். கொடி மேலே காய்ந்து கிடக்கிறதே, செத்துவிட்டது என்றும் நினைக்காதீர்கள், வள்ளி இனத்தில் தண்டு காய்ந்தாலும் கிழங்கு மண்ணுக்குள் தூங்கும்.

எடுத்ததை எங்கே போடுவது என்பதில்தான் நான் பெரிதாகக் கோட்டை விட்டேன். வீணாக்குவானேன் என்று தண்டு, இலை, கிழங்கு எல்லாவற்றையும் நறுக்கி மக்குத்தொட்டியில் போட்டேன். மூன்று மாதம் கழித்து அந்த உரத்தை எல்லாரும் பிரித்துக்கொண்டார்கள். ஒரு மாதத்தில் ஏழு பாத்திகளில் வால் இலை எட்டிப் பார்த்தது, பெரிய கத்தரி பயிரிட்டிருந்த ஆன்ட்டி இன்றுவரை என்னிடம் சரியாகப் பேசுவதில்லை. அதனால் கிழங்குகளை இரண்டு பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக்கிக் கட்டிக் குப்பையில் போடுங்கள். நம் ஊரில் வீட்டுக் குப்பை எரியூட்டு ஆலைக்குப் போய்ச் சாம்பலாகத்தான் புலாவ் செமாக்காவ் குப்பை நிரப்பும் தீவுக்குப் போகிறது, எந்தக் கிழங்கும் அதிலிருந்து முளைத்து வராது. கால்வாயில் மட்டும் வீசிவிடாதீர்கள்.

உங்கள் வேலியில் இருப்பது வாலில்லாத கொடி, இலை சின்னது, ஓரம் பல் பல்லாக, எதிரெதிராக ஜோடி ஜோடியாக இருக்கிறது என்றால் அது மைக்கேனியாவாக இருக்கலாம். தென் அமெரிக்கப் பக்கத்துக்காரன், அவனுக்கு வைத்தியம் வேறு. கிழங்கு கிடையாது, ஆனால் தண்டு தரையைத் தொடும் கணுவிலெல்லாம் வேர் விடும், ஒரு கணு கிடந்தாலும் பிழைத்துக்கொள்ளும். வெள்ளைப் பூ பூப்பதற்கு முன்னால் பாயைச் சுருட்டுவது போல ஓரத்திலிருந்து சுருட்டிக்கொண்டு போய் எடுத்துவிட வேண்டும், பூத்து முற்றிவிட்டால் பஞ்சு ஒட்டிய விதை காற்றில் பறந்துவிடும். வெயில் பிரியன் அது. எடுத்த இடத்தைக் காலியாக விடாமல் சர்க்கரைவள்ளிக் கொடியை நெருக்கமாகப் படரவிட்டால் திரும்பி வருவது குறையும்.

யாமுக்கு அந்தக் குறுக்குவழி உதவாது, கிழங்கில் சேமித்து வைத்த சாப்பாட்டை வைத்துக்கொண்டு நிழலிலும் அது முளைத்து மேலேறிவிடும். அதனால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒரு சுற்று வாருங்கள். முளைத்து ஓரிரண்டு இலை விட்டதுமே அந்த வாலை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம், அப்போது அடியில் இருக்கும் கிழங்கோடு சேர்த்துப் பிடுங்கினால் விரலளவு வேலைதான். குறைந்தது ஒரு வருடமாவது இப்படிப் பார்க்க வேண்டும். நான் இந்த முறையில் ஆரம்பித்து பதினான்கு மாதம் ஆகிறது, போன ஞாயிற்றுக்கிழமை கிடைத்தது இரண்டே இரண்டு, இரண்டும் அந்த ஆன்ட்டியின் கத்தரிப் பாத்தியில்.