நெட்வொர்க்கிங் கற்க முதலில் ஒரு பாக்கெட்டைப் பிடியுங்கள்

நெட்வொர்க்கிங் படிக்க உட்காருகிறவர்களில் பாதிப் பேர் முதல் நாளே, நெட்வொர்க் வேலையைப் பிரித்துக் காட்டும் ஓஎஸ்ஐ மாடலின் ஏழு அடுக்குகளையும் மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். பிசிக்கல், டேட்டா லிங்க், நெட்வொர்க் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார்கள், ஆனால் நெட் நின்றுபோனால் ரவுட்டரை அணைத்துப் போடுவதைத் தவிர வேறொன்றும் தோன்றாது. நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். அடுக்குகள் எங்கேயும் ஓடிப்போகாது, கொஞ்சம் கழித்து வரலாம்.

முதலில் உங்கள் மெஷினையே பாருங்கள். விண்டோஸ் என்றால் கமாண்ட் ப்ராம்ப்ட்டில் ஐபிகான்ஃபிக் கமாண்டை ஆல் என்ற ஆப்ஷனோடு ஓட்டுங்கள். நிறைய வரும், நான்கு மட்டும் போதும்: ஐபி அட்ரஸ், சப்நெட் மாஸ்க், டிஃபால்ட் கேட்வே, டிஎன்எஸ் சர்வர். யார் நீங்கள், யாரெல்லாம் பக்கத்து வீடு, வெளியே போக எது வாசல், பெயரைச் சொன்னால் எண்ணைத் தேடித் தருவது யார், அவ்வளவுதான். ஐபி 192.168. என்றோ 10. என்றோ தொடங்கினால் அது உள்ளுக்குள் மட்டும் செல்லுபடியாகும் முகவரி, வெளியே போகும்போது ரவுட்டர் அதை மாற்றி அனுப்பும், அதற்குப் பெயர்தான் நாட். 169.254 என்று தொடங்கினால் ஐபி எண்ணை ஒதுக்கித் தரும் டிஹெச்சிபி பதில் சொல்லவில்லை, மெஷின் தானாகவே ஒரு எண்ணை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

அடுத்து பிங், அதாவது இன்னொரு மெஷின் பதில் தருகிறதா என்று கேட்டுப் பார்க்கும் கமாண்ட். கேட்வேக்கு ஒன்று, கூகுளின் டிஎன்எஸ் சர்வரான 8.8.8.8-க்கு ஒன்று, அப்புறம் ஏதாவது ஒரு இணையதளத்தின் பெயருக்கு ஒன்று, இந்த வரிசையிலேயே செய்யுங்கள். எங்கே நிற்கிறதோ அங்கேதான் கோளாறு. ஒருமுறை அரை நாள் முழுக்கக் கேபிளை மாற்றி மாற்றிச் செருகிப் பார்த்திருக்கிறேன். கடைசியில் பார்த்தால் 8.8.8.8-க்கு பிங் முதலிலிருந்தே போய்க்கொண்டிருந்தது, பெயருக்குத்தான் போகவில்லை, டிஎன்எஸ் சர்வரின் எண்ணை நானே ஒரு இலக்கம் தப்பாக அடித்து வைத்திருந்தேன். (சில சர்வர்கள் வேண்டுமென்றே பிங்குக்குப் பதில் தராது, அதையும் நினைவில் வையுங்கள்.)

சரி, இப்போது வயர்ஷார்க், அதாவது நெட்டில் போய்வரும் பாக்கெட்டுகளை (தரவின் சின்னச் சின்னப் பொட்டலங்களை) பிடித்துக் காட்டும் மென்பொருள். இலவசம்தான், இன்ஸ்டால் செய்து உங்கள் சொந்த நெட்வொர்க்கில் மட்டும் ஓட்டுங்கள். கேப்ச்சரை ஆரம்பித்துவிட்டு ஒரு இணையதளத்தைத் திறந்தால் நூற்றுக்கணக்கான வரிகள் ஓடும், பயப்பட வேண்டாம், ஃபில்டரில் டிசிபி (இரண்டு மெஷின்கள் தரவை ஒழுங்காகப் பரிமாறிக்கொள்ளும் முறை) என்று போட்டு சின், சின்-ஆக், ஆக் என்று அடுத்தடுத்து வரும் மூன்று வரிகளைத் தேடுங்கள். ‘பேசலாமா’, ‘பேசலாம், நீ தயாரா’, ‘தயார்’ என்று இரண்டு மெஷின்கள் கைகுலுக்கிக்கொள்வது அதுதான்.

அந்த முதல் சின் வரியைக் கிளிக் செய்யுங்கள். கீழே ஈதர்நெட், ஐபி, டிசிபி என்று ஒன்றன்கீழ் ஒன்றாக விரியும், நீங்கள் மனப்பாடம் செய்த அடுக்குகள் இவைதான், இப்போது கண்ணெதிரே. இதில் ஒன்றை உற்றுப் பாருங்கள்: ஐபி வரியில் போய்ச் சேர வேண்டிய முகவரி எங்கோ இருக்கும் சர்வருடையது, ஈதர்நெட் வரியில் போய்ச் சேர வேண்டிய மேக் அட்ரஸோ (நெட்வொர்க் கார்டின் எண்) உங்கள் ரவுட்டருடையது. ஏன்? மேக் அடுத்த கை வரைக்கும்தான், ஐபி கடைசி வரைக்கும். ஒவ்வொரு ரவுட்டரிலும் பழைய ஈதர்நெட் உறையைக் கிழித்துப் புது உறை போடுவார்கள், உள்ளே இருக்கும் ஐபி முகவரி, நாட் குறுக்கிடாதவரை, அப்படியே இருக்கும். இது புரிந்துவிட்டால் ஒரே நெட்வொர்க்கின் மெஷின்களை இணைக்கும் சுவிட்ச் எதற்கு, ரவுட்டர் எதற்கு, ஐபிக்கு உரிய மேக்கைத் தேடித் தரும் ஏஆர்பி எதற்கு என்ற மூன்று கேள்விக்கும் விடை தானாக வந்துவிடும்.

சப்நெட்டிங்கை (நெட்வொர்க்கைத் துண்டுகளாகப் பிரிக்கும் கணக்கை) மட்டும் கால்குலேட்டர் இல்லாமல் கையால் போடுங்கள், குறுக்குவழி கிடையாது. 192.168.1.77/26 என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஐபியின் 32 பிட்டில் நெட்வொர்க்குக்கான 26 போனால் மீதி 6, அதாவது 64 முகவரிகள். ஆகவே 0, 64, 128, 192 என்று நான்கு துண்டு, 77 விழுவது 64-இல் தொடங்கும் துண்டில். 64 நெட்வொர்க்கின் பெயர், 127 பிராட்காஸ்ட் (எல்லோருக்கும் சேர்த்து அனுப்பும் முகவரி), நடுவில் 65 முதல் 126 வரை 62 முகவரிகள் மெஷின்களுக்கு. தினம் ஐந்து கணக்கு போட்டால் இரண்டு வாரத்தில் விரல் நுனிக்கு வந்துவிடும்.

வேகத்தைப் பற்றியும் ஒரு குழப்பம் உண்டு. 100 மெகாபிட் என்றால் நொடிக்கு 12.5 மெகாபைட்தான், எட்டால் வகுக்க வேண்டும். லேட்டன்சி, அதாவது பதில் வந்துசேரும் தாமதம், தனிக் கதை: ஃபைபருக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகிறது, 10,000 கிலோமீட்டர் தூரத்தில் சர்வர் இருந்தால் போய்வரவே 100 மில்லிசெகண்ட் ஆகும், எவ்வளவு பெரிய பிளான் போட்டாலும் அது குறையாது.

அப்புறம், கணினிக்குள்ளேயே நெட்வொர்க் கட்டிப் பார்க்கும் மென்பொருளான பாக்கெட் ட்ரேசரில் இரண்டு நெட்வொர்க்கை ஒரு ரவுட்டரால் இணைத்து, பிங் போகிறதா பாருங்கள். போனதும் ஒரு பிசியின் கேட்வேயை அழித்துவிடுங்கள். பக்கத்து மெஷினுக்குப் போகும் பிங், அந்தப் பக்கம் ஏன் போகவில்லை என்று பதில் சொல்ல முடிந்தால் டிசிபியின் உள்ளே இறங்கலாம்.