கவுன்சலிங்கும் எழுத்தும்: சேர்த்துச் செய்பவர்கள் சறுக்கும் இடங்கள்

கவுன்சலர்கள் கதை எழுதுவதும், எழுதிக்கொண்டிருந்தவர்கள் உளவியல் படித்துவிட்டுக் கவுன்சலிங் பக்கம் வருவதும் இப்போது சகஜம். இரண்டு வேலைக்கும் மூலதனம் ஒன்றுதான்: எதிரில் இருப்பவர் பேசுவதை ஊன்றிக் கேட்பது. வம்பும் அங்கேதான் ஆரம்பிக்கிறது. கேட்ட விஷயம் யாருக்குச் சொந்தம்? எழுத்தாளரைக் கேட்டால் ‘எனக்கு’ என்பார். கவுன்சலர் அப்படிச் சொல்ல முடியாது.

பலரும் செய்யும் தவறு, பெயரையும் ஊரையும் மாற்றிவிட்டால் ஆள் மறைந்துவிடுவார் என்று நம்புவது. 1967இல் நியூயார்க்கின் உளப்பகுப்பாய்வாளர் ஹான்ஸ் க்ளைன்ஷ்மிட், படைப்பாற்றலும் ஆத்திரமும் பற்றி ஓர் ஆய்விதழில் கட்டுரை எழுதினார். அதில் வரும் நோயாளி, அமெரிக்காவின் தென்பகுதியைச் சேர்ந்த ஒரு நாடக ஆசிரியர். உண்மையில் அவர் நியூ ஜெர்சியில் பிறந்து வளர்ந்த நாவலாசிரியர் பிலிப் ராத். ஊரும் தொழிலும் மாறியிருந்தன. ஆனால் சிறுவயதில் நீச்சலுடை வாங்கப்போன இடத்தில் அம்மா சொன்ன ஒரு வார்த்தை அப்படியே இருந்தது. அதே சம்பவத்தை ராத்தும் தன் புனைகதையில் எழுதி அதே ஆண்டில் அச்சேற்றியிருந்தார். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவருக்கு வேறு துப்பு வேண்டாம். கொதித்துப்போன ராத், 1974இல் வந்த தன் நாவலில் அந்தச் சண்டையையே கதையாக்கிவிட்டார். எழுத்தாளரின் ரகசியத்தில் கைவைத்தால் பதில் அச்சில்தான் வரும்.

நம் ஊருக்கு ஏற்றபடி ஓர் உதாரணம். திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போகும் ஒரு பெண், இறந்துபோன அப்பாவின் செல்போன் எண்ணுக்கு இன்னமும் மாதாமாதம் ரீசார்ஜ் செய்கிறார், அம்மாவுக்குத் தெரியாது. (இது நான் கற்பனையில் உருவாக்கியது. இந்தக் கட்டுரையில் வேறு எப்படி எழுத முடியும்?) திருப்பூரைக் கரூர் ஆக்கலாம், மகளை மகன் ஆக்கலாம், பனியனைக் கொசுவலை ஆக்கலாம். ரீசார்ஜ் இருக்கும்வரை அந்தப் பெண்ணும் கதைக்குள் இருப்பார். எழுதுகிற கைக்கு வேண்டியதோ சரியாக அந்த ரீசார்ஜ்தான். அதை எடுத்துவிட்டால் கதை படுத்துவிடும் என்றால், அந்தக் கதை உங்களுடையது இல்லை.

அப்படியானால் துறை பற்றியே எழுதக்கூடாதா? எழுதலாம். பிரிட்டனின் சைக்கோதெரபிஸ்ட் சூசி ஆர்பாக் 1999இல் வெளியிட்ட நூலில் சிகிச்சைக்கு வருபவர்கள் எல்லோரும் கற்பனை மனிதர்கள். சிகிச்சை அளிப்பவரின் மனதில் ஓடும் சந்தேகம், எரிச்சல், பாசம் எல்லாவற்றையும் அவர்களை வைத்தே பேசினார். கேட்டவரின் மனதில் என்ன ஓடியது என்பது தாராளமாக எழுதக்கூடிய சரக்கு. நம்மில் பலர் அதை விட்டுவிட்டு வந்தவரின் கதையையே துரத்துகிறோம்.

‘அனுமதி கேட்டுவிட்டுத்தான் எழுதினேன்’ என்று சிலர் சொல்வார்கள். சிகிச்சை நடந்துகொண்டிருக்கும்போது கேட்கிற அனுமதிக்கு மதிப்பு குறைவு. உங்களிடம் அழுதவர், உங்களால் தூக்கம் திரும்பியவர், “அதனால என்ன மேடம், எழுதுங்க” என்றுதான் சொல்வார். மறுத்தால் நீங்கள் முகம் சுளிப்பீர்களோ என்ற பயமும் அதில் சேர்ந்திருக்கும். அடுத்த வாரத்திலிருந்து அவர் கதைக்கு ஏற்ற மாதிரி பேசத் தொடங்கினாலும் ஆச்சரியமில்லை.

சட்டமும் இருக்கிறது. மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017-இன் 23ஆம் பிரிவு, மனநோய்க்கு ஆளானவர் தன்னைப் பற்றிய தகவல்களை ரகசியமாக வைத்திருக்கும் உரிமையைத் தருகிறது. அடுத்த பிரிவு அதை மின்னணு வடிவில் உள்ள தகவல்களுக்கும் நீட்டிக்கிறது. ஒரே போன், ஒரே நோட்ஸ் ஆப், மேலே நாவல் குறிப்பு, கீழே செஷன் குறிப்பு என்று வைத்திருப்பவர்கள் இன்றைக்கே இரண்டையும் பிரித்துவிடலாம்.

செஷனில் உட்கார்ந்திருக்கும்போதே ‘அட, இது கதையாச்சே’ என்று மனதில் பொறி தட்டும். தட்டுவது குற்றமில்லை. அதற்குத் தீனி போடுவதுதான் தவறு. “மாமியார் அன்னிக்கு என்ன புடவை கட்டியிருந்தாங்க?” என்று நீங்கள் கேட்கிறீர்கள். அந்தக் கேள்வியால் வந்தவருக்கு ஏதாவது பயன் உண்டா, இல்லை உங்கள் காட்சிக்கு நிறம் தேவைப்படுகிறதா? இரண்டாவதுதான் என்றால் கேள்வியை விழுங்கிவிடுங்கள். அடிக்கடி இப்படி நடந்தால் உங்கள் சூப்பர்வைசரிடம் (உங்கள் கவுன்சலிங் வேலையை மேற்பார்க்கும் மூத்தவரிடம்) மறைக்காமல் சொல்லுங்கள்.

இனி ‘நான் நானாக இருக்க வேண்டும்’ என்கிற விஷயம். அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் 1957இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், சிகிச்சை உறவில் சிகிச்சையாளர் உள்ளும் புறமும் ஒன்றாக இருப்பதை ஒரு நிபந்தனையாக வைத்தார். அதைப் பிடித்துக்கொண்டு தன் விவாகரத்தையும் கடனையும் வந்தவரிடம் கொட்டுகிறவர்கள் உண்டு. ரோஜர்ஸ் அப்படிச் சொல்லவில்லை. சிகிச்சையாளர் தன் உணர்ச்சிகளையெல்லாம் பேசித் தீர்ப்பது நோக்கமல்ல, தன்னைப் பற்றி எதிரில் இருப்பவரை ஏமாற்றாமல் இருப்பதே முக்கியம் என்று அதே கட்டுரையில் தெளிவாக்கினார். பொய் சொல்லாமல் இருப்பது வேறு, எல்லாவற்றையும் சொல்வது வேறு.

இதற்கு நேர்மாறான தவறு, புனைபெயருக்குள் ஒளிந்துகொண்டால் போதும் என்று நினைப்பது. புனைபெயர் வைத்துக்கொள்ளுங்கள், தப்பில்லை. ஆனால் தமிழ் இலக்கிய உலகில் இரண்டாவது புத்தக வெளியீட்டுக்குள் அந்தப் பெயருக்குப் பின்னால் யார் என்பது டீக்கடை வரை தெரிந்துவிடும். அதனால், எழுத்தில் உங்கள் சொந்த வாழ்க்கையை எவ்வளவு திறந்தாலும், நாளைக்குக் காலையில் உங்கள் எதிரே உட்காரப்போகிறவர் அதைப் படித்திருப்பார் என்று வைத்துக்கொண்டே எழுதுங்கள். படித்துவிட்டு வந்து அவர் கேட்டால் ‘ஆமாம், நான் எழுதியதுதான்’ என்று ஒப்புக்கொண்டு, அது அவரை என்ன செய்தது என்பதற்குப் பேச்சைத் திருப்புங்கள்.

புத்தகக் கண்காட்சியில், உங்களிடம் கவுன்சலிங்குக்கு வருபவர் ஒருவர் கணவரோடும் பிள்ளைகளோடும் எதிரே வருகிறார். நீங்கள் முந்திக்கொண்டு வணக்கம் வைக்கக் கூடாது. “யாரும்மா அது?” என்று கணவர் கேட்டால் அவர் என்ன பதில் சொல்வார்? வெளியில் பார்த்தால் பேசுவதா வேண்டாமா என்பது வருபவர் எடுக்க வேண்டிய முடிவு. முதல் செஷனிலேயே இதைப் பேசிவைத்துக்கொள்வது நல்லது. அவராகவே வந்து கையெழுத்துக் கேட்டால் பெயரை எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுங்கள், ‘தைரியமாக இருங்கள்’ என்றெல்லாம் வேண்டாம்.

கடைசியாக, வாசகர்கள். கதை பிடித்துப்போய், “உங்ககிட்டதான் பேசணும்” என்று வருவார்கள். ரசிகராக ஏற்கெனவே பழகியவரைச் சிகிச்சைக்கு எடுத்துக்கொள்ளாமல் நம்பிக்கையான இன்னொருவரிடம் அனுப்பிவையுங்கள். வருமானம் போகிறதே என்று தோன்றும், போகட்டும். நள்ளிரவில் இன்பாக்ஸில் ‘வாழவே பிடிக்கல’ என்று செய்தி வந்தால் மட்டும் எல்லைக்கோடு பேசிக்கொண்டிருக்க முடியாது. உடனே பதில் போடுங்கள், பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று கேளுங்கள், டெலி மானஸ் எண் 14416-ஐ அனுப்புங்கள். 2022 அக்டோபரில் தொடங்கிய அரசின் மனநலத் தொலைபேசி சேவை. நாள் முழுக்க இயங்கும், தமிழிலும் பேசலாம். அழைத்தார்களா என்று மறுநாள் காலையில் ஒரு முறை கேட்டுவிடுங்கள்.